சடலம் இல்லாத இரண்டு வழக்குகள்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: 1963இல் சிங்கப்பூர்க் கடலில் மறைந்த ஒரு பெண்ணின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை, ஆனாலும் சன்னி ஆங் என்பவரைத் தூக்கிலிட்டார்கள். 1984இல் ஆர்ச்சர்ட் ரோடு தேவாலயம் ஒன்றின் காவலாளர் குடியிருப்பில் நடந்ததாகச் சொல்லப்பட்ட 'கறிக் கொலை'யிலும் உடல் கிடைக்கவில்லை. ஆனால் கைதான ஆறு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஒரே ஊர், ஒரே தண்டனைச் சட்டம். அப்படியிருக்க ஏன் இந்த வேறுபாடு? உடல் இல்லாவிட்டால் கொலை வழக்கு நிற்காது என்கிறார்களே, அது உண்மையா, பொய்யா?

பொய். நெடுநாள் பழகிய பொய் என்பதால் உண்மையைப் போலத் தெரிகிறது. இரண்டு வழக்கிலும் உடல் இல்லை. ஆகவே முடிவைப் பிரித்தது உடலாக இருக்க முடியாது. வேறு எது பிரித்தது என்பதைத்தான் விளக்க வேண்டும்.

நான் வழக்கறிஞன் இல்லை. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கீழே சொல்லப்போகும் வழக்குகள் எதிலும் நான் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றதில்லை. ஆனால் அந்த வேலையில் காத்திருக்கும் நேரம் அதிகம். காத்திருக்கும் நேரத்தில் பழைய தீர்ப்புகளைப் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

முதலில் அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1660இல் இங்கிலாந்தின் கேம்ப்டன் என்ற சிற்றூரில் வில்லியம் ஹாரிசன் என்ற முதியவர் காணாமல் போனார். இரத்தக் கறை படிந்த சில பொருள்கள் வழியில் கிடந்தன. அவருடைய வேலைக்காரனையும், அந்த வேலைக்காரனின் தாயையும் சகோதரனையும் தூக்கிலிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஹாரிசன் உயிரோடு ஊர் திரும்பினார். செத்தவர் நடந்து வந்தால் நீதிமன்றம் முகத்தை எங்கே வைத்துக்கொள்ளும்? உடலைக் காணாமல் கொலைத் தீர்ப்பு சொல்லாதே என்ற எச்சரிக்கை ஆங்கிலச் சட்டத்தில் முந்நூறு ஆண்டு நிலைத்ததற்கு இதுபோன்ற வழக்குகளே காரணம். ஆனால் அது எச்சரிக்கையாகத்தான் இருந்தது, தடையாக இருக்கவில்லை. 1955இல் வேல்ஸ் பண்ணை ஒன்றில் தொழில் கூட்டாளியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட போலந்துக்காரர் ஒருவரின் மேல்முறையீட்டில் இங்கிலாந்து நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: மரணத்தையும் சூழ்நிலைச் சான்றுகளால் நிரூபிக்கலாம், அந்தச் சான்றுகள் வேறு எந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் தராதவையாக இருந்தால் போதும்.

பத்தே ஆண்டில் அந்தக் கதவு சிங்கப்பூரிலும் திறந்தது.

சன்னி ஆங் படித்தவர், கார்ப் பந்தயத்தில் ஓட்டியவர், நல்ல நீச்சல்காரர், கடன்பட்டு நொடித்தவர் என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டவர். மதுக்கூடம் ஒன்றில் பணிப்பெண்ணாக இருந்த 22 வயதுப் பெண்ணோடு பழகினார். அந்தப் பெண்ணின் பெயரில் அடுத்தடுத்து விபத்துக் காப்பீடுகள் எடுக்கப்பட்டன. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ நாலரை லட்சம் வெள்ளி (டாலர்). தன் உடைமை முழுவதும் ஆங்கின் தாயாருக்குச் சேர வேண்டும் என்று அந்தப் பெண் உயிலும் எழுதினார். மதுக்கூடத்தில் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு பெரிய காப்பீடு, காதலனின் தாயாருக்கு எதற்கு உயில் என்று கேட்க வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கூடக் கேட்பார்.

1963 ஆகஸ்ட் 27 அன்று பிற்பகல் இருவரும் சம்பான் என்ற சிறு படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சிஸ்டர்ஸ் தீவுகளுக்குப் போனார்கள். அந்த இரண்டு தீவுகளுக்கும் இடையே உள்ள நீரோட்டம் பொல்லாதது. முக்குளிப்பில் பழக்கமில்லாத அந்தப் பெண் காற்றுக் கலனைச் சுமந்துகொண்டு அங்கே தனியாக இறங்கினார். ஒருமுறை மேலே வந்தார். கலன் மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கினார். பிறகு வரவே இல்லை. ஆங் இறங்கவில்லை. தன் கலனில் காற்று கசிகிறது என்று அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு படகோட்டியோடு செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போய்த் தகவல் சொன்னார். அங்கிருந்த மலாய் மீனவர்கள் வந்து மூழ்கித் தேடினார்கள். இவர் அப்போதும் தண்ணீரில் கால் நனைக்கவில்லை.

சில நாள் கழித்து, தேடிய முக்குளிப்பாளர்களுக்குக் கடலடியில் ஒரு துடுப்புக் காலணி கிடைத்தது. குதிகாலைப் பிடிக்கும் பட்டை கூர்மையான கருவியால் வெட்டப்பட்டிருந்தது. கொடிய நீரோட்டத்தில் துடுப்பு கழன்றால் நீந்துவது எவ்வளவு கடினம் என்பதை நீதிமன்றத்தில் விளக்கினார்கள். கையால் தொடக்கூடிய சான்று என்றால் அந்த வழக்கில் இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் காகிதம்.

ஆனால் அந்தக் காகிதம் பேசியது. 1,50,000 வெள்ளிக் காப்பீடு ஒன்று முக்குளிப்புக்கு முதல் நாள் காலாவதியாகியிருந்தது. ஆங் அதை ஐந்தே நாளுக்குப் புதுப்பித்திருக்கிறார். அதுவும் படகு ஏறுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பு. பெண் மறைந்து 24 மணி நேரம் முடிவதற்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போய்விட்டது. என்னைக் கேட்டால் இந்த வழக்கின் உயிர் இந்த ஐந்து நாளில்தான் இருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் புதுப்பித்திருந்தால் 'அக்கறையான காதலன்' என்று சொல்ல ஓர் இடம் இருந்திருக்கும். ஐந்து நாள் என்பது கணக்குப் போட்டவனின் சிக்கனம்.

அவரைக் கைது செய்ய 1964 டிசம்பர் ஆயிற்று. விசாரணை 1965 ஏப்ரலில் தொடங்கியது. அரசுத் தரப்பில் பிரான்சிஸ் சியூ, எதிர்த் தரப்பில் பஞ்ச் குமாரசாமி. குமாரசாமி பிறகு நாடாளுமன்ற நாயகராகவும் நீதிபதியாகவும் ஆனவர். நம் மூத்தவர்கள் அந்தப் பெயரை இன்னும் மதிப்போடு சொல்வார்கள். நீதிபதி மர்ரே பட்ரோஸ், தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து அழைத்த ஏழு பேர் கொண்ட ஜூரி. கொலையைப் பார்த்தவர் இல்லை, ஆயுதம் இல்லை, உடல் இல்லை, வாக்குமூலமும் இல்லை. குமாரசாமி அழுத்திச் சொன்னதும் அதுதான்: இறந்தார் என்பதே உறுதியாகத் தெரியாதபோது கொன்றார் என்று எப்படிச் சொல்வது? நீதிபதி ஜூரியிடம் விட்ட கேள்வி வேறு மாதிரியானது. ஒவ்வொரு சான்றையும் தனியாக எடுத்தால் அது சந்தேகத்தோடு நின்றுவிடலாம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால், இந்த மனிதர்தான் அந்தப் பெண்ணின் மரணத்துக்குக் காரணம் என்ற ஒரே முடிவுக்கு அவை இழுத்துச் செல்கின்றனவா? மே 18 அன்று ஏழு பேரும் ஒரே குரலில் ஆம் என்றார்கள். மேல்முறையீடு தோற்றது, அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிட்டது. 1967 பிப்ரவரி 6 அன்று தண்டனை நிறைவேறியது.

நம் பெரியவர்கள் சூழ்நிலைச் சான்றைச் சங்கிலி என்பார்கள். ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போயிற்று என்பார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. தேங்காய் நார்க் கயிறு என்பதே பொருத்தம். ஒவ்வொரு நாரையும் விரலால் அறுத்துவிடலாம்; முறுக்கினால் படகையே கட்டலாம். உயில் ஒரு நார், காலாவதிக் காப்பீடு ஒரு நார், இறங்க மறுத்த கால்கள் ஒரு நார், வெட்டுப்பட்ட பட்டை ஒரு நார்.

இனிக் கறிக் கொலை. இதில் சம்பந்தப்பட்ட யாருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை. தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும், அது வேறு. நீதிமன்றம் தண்டிக்காதவர்களின் பெயரைக் கொலை என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. தமிழ்க் குடும்பம் என்பதால் அந்தக் காலத்தில் நம்மவர்கள் காப்பிக்கடையில் இதைப் பேசிய விதமும் எனக்கு மறக்கவில்லை. மசாலா அளவுகூடச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

தெரிந்த உண்மைகள் சில. 1984 டிசம்பரில் சாங்கியில் விடுமுறை விடுதிக் காவலாளராக இருந்த 34 வயது ஆள் ஒருவர் காணாமல் போனார். மனைவி காணவில்லை என்று புகார் கொடுத்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் எதுவும் நகரவில்லை. 1987இல் காவல்துறைக்கு ஒரு துப்பு கிடைத்தது: அவரை ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு தேவாலயத்தின் காவலாளர் குடியிருப்பில் அடித்துக் கொன்று, துண்டாக்கி, கறியாகச் சமைத்து, பைகளில் கட்டிக் குப்பைத் தொட்டிகளில் போட்டுவிட்டார்கள் என்று. மார்ச் மாதம் மனைவி, மனைவியின் சகோதரர்கள் மூவர் உட்பட ஆறு பேர் கைதானார்கள். ஜூன் மாதம், போதிய சான்று இல்லை என்பதால், 'விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு' என்ற முறையில் ஆறு பேரும் விடப்பட்டார்கள். அவர்களுக்காக வாதாடியவர் சுபாஸ் ஆனந்தன்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சன்னி ஆங் வழக்கில் உடல்தான் இல்லை. மறைந்த நேரம், மறைந்த இடம், கூட இருந்த ஆள், பலன் அடைய இருந்த ஆள், எல்லாமே எழுத்திலும் சாட்சியிலும் அசையாமல் நின்றன. கறிக் கொலையில் உடலோடு சேர்த்து அத்தனையும் இல்லை. இரண்டு ஆண்டுக்கு மேல் கழித்து, கழுவித் துடைத்த ஒரு சமையலறையில் எதைத் தேடுவது? எலும்பு இல்லை, இரத்தம் இல்லை, பாத்திரம் இல்லை. குப்பை அன்றாடம் எரிக்கப்படும் ஊர் இது. எஞ்சியது ஒரு கதை. கதை எவ்வளவு பயங்கரமாக இருக்கிறதோ அவ்வளவு உண்மை என்று கேட்பவர்கள் நம்பிவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் பயங்கரத்துக்கு எடை கிடையாது.

அந்த விடுவிப்பு முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுதலை என்றால் அதே குற்றத்துக்கு மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது. விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு என்றால் புதிய சான்று கிடைத்தால் மறுபடி குற்றம் சாட்டலாம். கதவு திறந்திருக்கிறது, பூட்டு மட்டும் அரசுத் தரப்பின் கையில் என்பது போன்ற நிலை. இங்கே இன்னொன்றும் நடந்தது. சகோதரர்கள் மூவரும் குற்றவியல் சட்டத் தற்காலிக ஏற்பாடுகளின் கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டு 1991இல் விடப்பட்டார்கள். ஆகவே 'தப்பித்துவிட்டார்கள்' என்று சொல்கிறவர்களும் பாதிதான் அறிந்தவர்கள். 'நிரபராதிகள் என்று தீர்ப்பாயிற்று' என்று சொல்கிறவர்களும் பாதிதான் அறிந்தவர்கள்.

மூன்றாவதாக ஒரு வழக்கையும் சேர்த்தால் படம் முழுமையாகும். 2016 ஜூலையில் லெஸ்லி கூ என்பவர் தன் காதலியைக் காருக்குள் கழுத்தை நெரித்துக் கொன்றார். கார்டன்ஸ் பை த பே பக்கம் நடந்தது. பிறகு லிம் சூ காங்கில் ஒதுக்குப்புறமான இடத்தில் உடலைப் பல நாள் எரித்தார். மிஞ்சியவை சில முடிக் கற்றைகளும் துணித் துண்டும் உள்ளாடைக் கொக்கியும். உடல் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அவர் தானே இடத்தைக் காட்டினார், தானே சொன்னார். 2019இல் கொலைக் குற்றம் நிரூபணமாகி ஆயுள் தண்டனை.

இங்கே தமிழ்நாட்டுச் செய்திகளையும் தொடர்ந்து படிக்கிறவர்கள் ஓர் இடத்தில் தடுமாறுவார்கள். இந்தியாவில் காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சான்றாக நீதிமன்றம் ஏற்காது. சிங்கப்பூரில் சார்ஜன்ட் பதவிக்குக் குறையாத அதிகாரியிடம் மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல் தானாகக் கொடுத்தது என்றால் ஏற்கும். நம் சட்டத்தின் வேர் இந்தியத் தண்டனைச் சட்டம்தான். 1871இலேயே அது சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்குச் சட்டமாக இயற்றப்பட்டுவிட்டது. படத்தில் கேட்கும் '302', கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு, இங்கேயும் அதே 302. கொலை எது என்று சொல்லும் 300உம், 2024இல் இந்தியா புதிய சட்டத்துக்கு மாறும்வரை, அங்கேயும் இங்கேயும் அதே எண்ணாக இருந்தது. ஆனால் ஒரே விதை வேறு மண்ணில் வேறு மரமாகியிருக்கிறது. வாக்குமூலம் பற்றிய இந்த வேறுபாடு, பல வழக்குகளின் முடிவையே மாற்றும் அளவுக்குப் பெரியது.

சிலர் வேறு விளக்கம் சொல்வார்கள்: '1965இல் ஜூரி இருந்தது, ஜூரிக்கு உணர்ச்சிதான் தெரியும், நீதிபதி மட்டும் இருந்திருந்தால் சன்னி ஆங் பிழைத்திருப்பார்.' நான் இதை ஏற்கவில்லை. ஜூரி கண்மூடித்தனமாகத் தீர்ப்பு சொன்னது என்பவர்கள் முந்தைய ஆண்டு அதே நீதிபதி முன், அதே அரசு வழக்கறிஞர் நடத்திய புலாவ் செனாங் வழக்கைப் பார்க்க வேண்டும்.

புலாவ் செனாங் என்றால் மலாயில் 'சுகத் தீவு'. விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்ட ரகசியச் சங்கத்தாரை உழைப்பால் திருத்தலாம் என்ற நம்பிக்கையில் 1960இல் அங்கே கம்பியில்லாத சிறை ஒன்று தொடங்கப்பட்டது. தேவன் நாயர் தலைமையிலான சிறை விசாரணைக் குழு தந்த யோசனைகளின் காலம் அது. கண்காணிப்பாளர் டேனியல் டட்டன் என்ற ஐரிஷ்காரர். கைதிகள் காட்டை வெட்டிச் சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். டட்டன் அவர்களை நம்பினார். துப்பாக்கிக் காவல் வேண்டாம் என்பது அவர் கட்சி. 1963 ஜூலை 12 அன்று, படகுத்துறை வேலை தொடர்பான பிணக்கில் சில தச்சர்கள் சாங்கி சிறைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பின்னணியில், கலவரம் வெடித்தது. தங்கள் கையால் கட்டியதைத் தங்கள் கையாலேயே ஒரு மணி நேரத்துக்குள் கொளுத்தினார்கள். டட்டன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இறந்த அதிகாரிகளில் ஆறுமுகம் வீரசிங்கம் என்ற நம்மவரும் ஒருவர். டட்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

59 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அத்தனை பேரையும் உட்கார வைக்கத் தனிக் கூண்டே கட்டினார்கள். விசாரணை 64 நாள். ஏழு பேர் கொண்ட ஜூரி, யார் வெட்டினார், யார் ஆயுதத்தோடு நின்றார், யார் கூட்டத்தில் வெறுமனே இருந்தார் என்று ஆள் ஆளாகப் பிரித்தது. 18 பேருக்குக் கொலைக் குற்றம், 18 பேருக்கு ஆயுதத்தோடு கலவரம் செய்த குற்றம், 11 பேருக்குக் கலவரக் குற்றம், மற்றவர்களுக்கு விடுதலை. உணர்ச்சியில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இப்படிப் பிரிக்க மாட்டார்கள். கொலைக் குற்றவாளிகள் 18 பேரும் 1965 அக்டோபர் 29 அன்று ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டனர். குடியரசு பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

ஜூரி முறை 1969இல் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னால் ஒரு பழைய வழக்கு உண்டு. 1950இல் மரியா ஹெர்டோ என்ற சிறுமியின் வளர்ப்புரிமை வழக்கையொட்டி எழுந்த கலவரத்தில் ஆங்கிலேய விமானப்படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட நால்வருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ ஜூரியின் மனத்தில் சந்தேகத்தை விதைத்தார். கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவர்கள் விடுபட்டார்கள். வென்ற வழக்கறிஞருக்கே அந்த வெற்றி கசந்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஜூரியை ஒழிப்பதை எதிர்த்து நின்றவர் வழக்கறிஞர் டேவிட் மார்ஷல். தான் நடத்திய நூறு கொலை வழக்குகளில் தொண்ணூற்றொன்பது பேரை விடுவித்ததாக நாடாளுமன்றத் தெரிவுக் குழு முன் அவர் சொன்னார். ஜூரியைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன கணக்குதான். ஆனால் ஜூரியை ஒழிக்க நினைத்தவர்களுக்கு இதைவிட நல்ல வாதம் கிடைத்திருக்காது. அதற்குச் சில ஆண்டு முன்பு இந்தியாவில் நானாவதி வழக்கில் ஜூரி விடுவித்த கடற்படை அதிகாரியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் தண்டித்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஜூரிக்கு அது கெட்ட காலம்.

அதன்பின் 1992 வரை மரண தண்டனைக்குரிய வழக்குகளை இரண்டு நீதிபதிகள் விசாரித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவர். அந்த இரு நீதிபதி காலத்தின் மிகப் பெரிய வழக்கு அட்ரியன் லிம் வழக்கு. 1981 தொடக்கத்தில் தோ பாயோவில் ஒன்பது வயதுச் சிறுமியும் பத்து வயதுச் சிறுவனும் இரண்டு வார இடைவெளியில் கொல்லப்பட்டனர். இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்த அதிகாரிகள் புளோக் 12இன் ஏழாவது மாடியில் போய் நின்றார்கள். அந்த வீட்டில் சிலுவை இருந்தது, புத்தர் இருந்தார், காளி படமும் இருந்தது. காளி பெயர் நாளிதழில் வந்ததும் நம்மவர்கள் கூசிப்போனதை அந்தத் தலைமுறை மறந்திருக்காது. அந்த மனிதருக்கு எந்தத் தெய்வத்தின் மீதும் பக்தி கிடையாது. மின்சார அதிர்ச்சியும் மாத்திரையும் பொய்ப் பூசையும் வைத்துப் பெண்களை ஏமாற்றிப் பிழைத்தவர். தெய்வங்கள் அவருக்குக் கடைச் சாமான்.

இந்த வழக்கில் உடல் இருந்தது, இரத்தம் இருந்தது, அட்ரியன் லிம்மும் அவருடைய இரண்டு பெண் துணைகளும் ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். இருந்தும் நீதிபதிகள் டி.எஸ். சின்னத்துரையும் எஃப்.ஏ. சுவாவும் 1983இல் 41 நாள் உட்கார்ந்து கேட்டார்கள். ஏன்? செய்தது யார் என்ற கேள்வி முதல் நாளே முடிந்துவிட்டது. செய்தபோது மனம் எந்த நிலையில் இருந்தது என்ற கேள்விதான் மீதி. நம் சட்டத்தில் 1961இல் சேர்க்கப்பட்ட ஒரு விலக்கு உண்டு: மனக் கோளாறால் பொறுப்புணர்வு பெரிதும் குன்றிய நிலையில் கொன்றால் அது கொலை ஆகாது, மரணம் விளைவித்த குற்றமாகக் குறையும். இந்த விலக்கு இந்தியச் சட்டத்தில் இல்லை. மனநல மருத்துவர்கள் இரு பக்கமும் நின்று நாள்கணக்கில் பேசினார்கள். பெண்களில் ஒருவருக்காக வாதாடியவர் ஜே.பி. ஜெயரத்தினம். நீதிபதிகள் மூவரையும் ஒன்றாகவே தண்டித்தார்கள். 1988 நவம்பர் 25 அன்று மூவரும் தூக்கிலிடப்பட்டனர்.

மனம் என்று சொன்னதால் என் வேலையைப் பற்றி ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தமிழ்ச் சாட்சி ஒருவர் 'அவன் இவனைக் குத்தினான்' என்கிறார். அவ்வளவுதான். தமிழில் கை முட்டியால் இடிப்பதும் குத்துதான், கத்தியைச் செருகுவதும் குத்துதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். நான் எதைச் சொல்கிறேனோ அதுதான் பதிவேட்டில் ஏறும். முதலாவது சிறு காயக் குற்றம், இரண்டாவது கயிறு வரைக்கும் போகலாம். நான் ஊகிக்கக் கூடாது. நீதிபதியிடம் அனுமதி கேட்டு, கையாலா, ஆயுதத்தாலா என்று சாட்சியிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே வாயைத் திறப்பேன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். அடுத்த பாடம் 'கொன்றுவிடுவேன்'. நம் வீடுகளில் சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம் நாளுக்கு மூன்று முறை சொல்லப்படும் சொல். சண்டைக்கு முன் ஒருவன் அதைச் சொன்னான் என்றால் ஆங்கிலத்தில் அது கொல்லும் நோக்கத்துக்குச் சான்று போலத் தொனிக்கும். மொழிபெயர்ப்பாளன் அங்கே உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் முடியும்; அந்தச் சொல்லை நாம் எவ்வளவு எளிதாக எறிகிறோம் என்பதை எதிர்த் தரப்பு வழக்கறிஞர் எழுந்து கேட்டு வாங்க வேண்டும்.

நோக்கத்தின் எடை 2013இலிருந்து இன்னும் கூடிவிட்டது. அதுவரை, சட்டம் சொல்லும் நான்கு வகையில் எந்த வகைக் கொலையாக இருந்தாலும் கட்டாய மரண தண்டனை. இப்போது கொல்லும் நோக்கத்தோடு செய்த முதல் வகைக்கு மட்டும் கட்டாயம். மற்ற மூன்று வகைக்கும் மரணமா, ஆயுளும் பிரம்படியுமா என்பதை நீதிபதி முடிவு செய்யலாம். கோ ஜாபிங் என்ற சரவாக் தொழிலாளியின் வழக்கில் இந்தத் திருத்தம் ஒரே மனிதரை மூன்று முறை திருப்பிப் போட்டது: 2010இல் மரணம், 2013இல் ஆயுளும் 24 பிரம்படியும், 2015இல் மேல்முறையீட்டில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மறுபடி மரணம். 2016 மே மாதம் நிறைவேறியது. ஐந்து நீதிபதிகளில் இருவருக்கு மனம் ஒப்பாத மரணம் அது.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதன் மறுபக்கத்தை இன்னும் சொல்லவில்லை. உடல் இல்லாமல் தண்டிக்கலாம் என்று பார்த்தோம். உடல் கிடைத்தும் சந்தேகம் மிஞ்சுமா? மிஞ்சும். 2004இல் பாசிர் பாஞ்சாங் மொத்தவிலைச் சந்தையில் ஹுவாங் நா என்ற எட்டு வயதுச் சிறுமி காணாமல் போனாள். நாடே தேடியது. மூன்று வாரம் கழித்துத் தெலுக் பிளாங்கா குன்றுப் பூங்காவில் பெட்டிக்குள் அவள் உடல் கிடைத்தது. சந்தையில் காய்கறி கட்டும் வேலை பார்த்த டூக் லெங் ஹாவ் குற்றவாளி என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுபாஸ் ஆனந்தன் மேல்முறையீட்டுக்குப் போனார். 2006 ஜனவரியில் மூன்று நீதிபதிகளில் இருவர் தண்டனையை உறுதி செய்தார்கள். மூன்றாமவர் கான் டிங் சியூ மாறுபட்டார். சிறுமிக்கு வலிப்பு வந்து இறந்திருக்கக்கூடும் என்ற சாத்தியத்தை அரசுத் தரப்பு முழுதாக அடைக்கவில்லை, ஆகவே மரணத்துக்கு இவர்தான் காரணம் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்பது அவர் கருத்து. அப்போது ஊரில் அந்த மனிதருக்காகப் பரிந்து ஒரு சொல் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்தச் சூழலில் ஒரு நீதிபதி தனியாக உட்கார்ந்து அப்படி எழுதியிருக்கிறார். எண்ணிக்கையில் தோற்ற கருத்து. 2006 நவம்பரில் தண்டனை நிறைவேறிவிட்டது. ஆனால் சன்னி ஆங் தீர்ப்பையும் இந்த மாறுபட்ட தீர்ப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால், உடலே இல்லாத இடத்தில் ஏழு பேருக்கு வராத ஐயம் உடல் இருந்த இடத்தில் ஒருவருக்கு ஏன் வந்தது என்பது விளங்கும். முன்னதில் அத்தனை நாரும் ஒரே பக்கம் முறுக்கிக்கொண்டது. பின்னதில் ஒரு நார் மட்டும் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது.

இந்த வழக்குகளை மேலும் அறிய விரும்பினால் பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய்ப் பாருங்கள். இப்போது அது தேசியக் கலைக்கூடம். கைதிகளை வைத்திருந்த சிறு அறைகளில் சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறார்கள். கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை பேரனை அழைத்துக்கொண்டு போனேன். அவன் ஓவியங்களைப் பார்க்க அவசரப்பட்டான். நான் கூண்டுப் பக்கம் போனதும் பழக்கத்தில் அதன் இடது புறமாக நின்றுவிட்டேன், மொழிபெயர்ப்பாளன் நிற்க வேண்டிய இடத்தில்.